நூற்றுத் தொண்ணூற்று நான்கரை

கொருக்குப்பேட்டை கேட் சாத்தியிருந்த அரைமணி நேரத்தில்
முடிவாகிவிட்டது என் கல்லூரி.
சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது.
அப்பா வண்டியை அணைத்துவிட்டுத்
திரும்பாமலே சொன்னார்:
"நூத்தித் தொண்ணூறு தாண்டினா ஃபீஸே கெடையாதாம்.
பஸ்ஸு டோல்கேட்டுக்கே வருது."
நான் வேகன்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஐம்பத்தெட்டு.
கேட் தூக்கியபோது
சரி என்று சொல்லியிருந்தேன் போல.

ஆகஸ்டில் தேரடி முனையில்
பத்தடி உயரத்துக்கு நின்றேன்.
பெனிட்டா. கட் ஆஃப் 194.5. எங்கள் மாணவி.
வகுப்பே இன்னும் தொடங்கவில்லை.
எதிர்க்கடையில் பரோட்டா வீசிக்கொண்டிருந்தவர்
படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து
"மூக்கு வேற மாதிரி இருக்கே" என்றார்.

மீஞ்சூர் தாண்டி, சாம்பல் லாரிகளின் பின்னால்
ஊர்ந்து போகும் எங்கள் பேருந்து.
முதல் மாதமே பலகையில்
கணக்கு சார் ஒரு மைனஸை விட்டுவிட்டார்.
எழுந்து சொன்னேன்.
திருத்தினார். அதன்பின் வருடம் முழுக்க
ஒவ்வொரு கணக்கின் முடிவிலும்
என் முகத்தைப் பார்ப்பார்.
நான் தலையாட்டினால் அடுத்த கணக்கு.

பதினெட்டு வயதில் அது எவ்வளவு இனிப்பு தெரியுமா,
தலையாட்டுவது.
தேர்வுக்கு முந்தின இரவு மட்டும் படித்தேன்.
அப்போதும் முதலிடம்.
பிறகு அந்த இரவும் படிக்கவில்லை.
அப்போதும்.

டில்லிபாபுவுக்கு நாலு அரியர்.
காசிமேட்டில் அவன் அண்ணனுக்கு ஐஸ் வண்டி.
ஒருநாள் அத்திப்பட்டு நெரிசலில்
என் நோட்டைப் பிடுங்கிக் கேட்டான்:
"இங்க எதுக்கு ரூட் ரெண்டால வகுக்கற?"
வகுத்தால் விடை வரும்.
அதற்குமேல் எனக்கும் தெரியாது.
மூன்று நாள் பேருந்துப் பயணம் ஆனது அதற்கு.
வீட்டுக்கு வருகிற இருநூற்று முப்பது வோல்ட்
உச்சம் இல்லை, டில்லி.
உச்சம் முன்னூற்று இருபத்தைந்து.
ஒரு கணம் தொட்டுவிட்டு இறங்கிவிடும்.
பல்பு அதை நம்பி எரிவதில்லை.
ஜன்னலுக்கு வெளியே
அனல்மின் நிலையப் புகைபோக்கிகள்.
நாலு வருடத்தில் நான் படித்தது
அந்த மூன்று நாள்தான் என்று சில சமயம் தோன்றும்.

யாமினிக்கும் அதே நான்கரை.
ஒரே பெஞ்சு. அவள் கிண்டிக்குப் போனாள்.
மூன்றாம் வருடம் மெட்ரோ வாசலில் பார்த்தேன்.
"கிளாஸ்ல நான் நாப்பத்தி மூணாவது டீ.
கையத் தூக்கறதையே விட்டுட்டேன்.
தப்பாக் கேட்டுட்டா?"
எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.
அதை எழுதாமல் விடக்கூடாது.
உடனே அவளே சொன்னாள்,
குழாயில் தண்ணீர் வருகிறது என்பதுபோல,
"சீனியர் ஒருத்தர் ரெஃபர் பண்றேன்னிருக்காரு."
என் சீனியர் ஒருவர்
பொன்னேரியில் செல்போன் கடையில் இருக்கிறார்.
ஸ்கிரீன் கார்டு ஒட்டினால் எனக்குப் பாதி விலை.

எங்கள் கல்லூரிக்கு அந்தக் கம்பெனி வரவில்லை.
நானே சிறுசேரி போனேன், மூன்று வண்டி மாறி.
முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன்.
இரண்டாவது கேள்வியில் இருந்த சொல்லையே
கேட்டதில்லை.
தெரியாது என்று சொல்ல வாய் திறந்தால்
தலை தானாக ஆடுகிறது,
மேலும் கீழுமாக,
அடுத்த கணக்குக்குப் போகலாம் என்பதுபோல.
எதிரே இருந்தவர் காத்திருந்தார்.
அவர் அடுத்ததற்குப் போகவில்லை.

திரும்பும்போது மழை.
பைபர் படகுகளுக்குப் பக்கத்தில்
டில்லி அண்ணனின் ஐஸ் பெட்டிமேல்
கயிறு கட்டிய பழைய ஃப்ளெக்ஸ்.
என் ஒரு கண். பாதிக் காது. புள்ளி ஐந்து.
"நல்ல கெட்டி ஷீட்டு," என்றான் டில்லி,
"நாலு வருசமா ஒழுகல."
பையிலிருந்து பேப்பரை எடுத்தான்.
"ஒண்ணு கேக்கணும். திட்டாத."
பார்த்தேன்.
"தெரியலடா," என்றேன்.
அவன் என்னைப் புதிதாகப் பார்த்தான்.